இருட்டில் மூன்றாம் நாள்

ஜூலை 8, திங்கள்

உரக் கம்பெனி ஒன்று ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் என் மேசையின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை உருவி எடுத்ததில் மேசை ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. என் மனைவி செல்வி சாப்பிட்டதும் படுத்துவிடுகிறாள். பேச ஆள் இல்லாதவன் எழுதுகிறான், அவ்வளவுதான் விஷயம்.

இன்று ஆய்வகத்துக்குத் திரும்பினேன். என் ஆய்வு வழிகாட்டி வைஜயந்தி மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "காய்ச்சல் சரியாயிடுச்சா வேல்மயில்?" என்று கேட்டார். விடுப்புக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆயிடுச்சு மேடம் என்றேன். பொய்களில் காய்ச்சல் வசதியான பொய். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

எனக்கு முப்பத்திரண்டு வயது, தலையில் நரை தொடங்கிவிட்டது, தொழில் மாணவன். நாலு வருடமாக நான் செய்துவருவது இதுதான். அரபிடாப்சிஸ் என்று ஒரு செடி, கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் வீட்டில் அதற்குக் கடுகு என்றே பெயர். அதன் விதையைத் தட்டில் தூவி, சிறிது நேரம் வெளிச்சம் காட்டி எழுப்பி, அலுமினியத் தாளைச் சுற்றி இருட்டில் வைப்பேன். இருட்டில் முளைக்கும் நாற்று வெளிறிப்போய், நெட்டையாக, தலையைக் கவிழ்த்து, இரண்டு இலையையும் கூப்பியபடி வளரும். வெளிச்சத்தில் எடுத்து வைத்தால் தலை நிமிரும், இலை விரியும், பச்சை பிடிக்கும். ஒளியைப் பிடித்து உணவாக்குவதற்கு வேண்டிய மரபணுக்கள் அப்போதுதான் விழிக்கின்றன. எது எப்போது விழிக்கிறது, எவ்வளவு விழிக்கிறது என்று அளப்பது என் வேலை. செப்டம்பரில் ஆய்வின் சுருக்கத்தை மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்க வேண்டும். வைத்தால் பட்டம்.

எல்லாம் ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. என் இருட்டு உண்மையான இருட்டாக இருக்க வேண்டும். அதில் கீறல் விழுந்தால் நாலு வருடமும் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஜூலை 9, செவ்வாய்

நான் இல்லாதபோது பர்வீன் விதைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த தட்டுகளை வெளியே எடுத்து, எழுப்பி, இருட்டறையில் அடுக்கினேன். பர்வீன் எனக்கு இரண்டு வருடம் இளைய ஆய்வு மாணவி, மேலப்பாளையத்துப் பெண். நான் கேட்காமலேயே செய்திருக்கிறாள். நன்றி சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

இதுவரை ஆறாம் நாள் நாற்றை மட்டுமே எடுத்து அளந்துவந்தேன். போன தடவை குழுவில் ஒருவர், "சின்ன நாற்றுல என்ன நடக்குதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டு வைத்தார். கேட்டவர் வடை சாப்பிடப் போய்விட்டார், வேலை என் தலையில் விழுந்தது. ஆகவே நேற்று இரண்டாம் நாள் நாற்று, இன்று மூன்றாம் நாள் நாற்று.

எங்கள் இருட்டறையைப் பற்றி எழுத வேண்டும். கதவு, அதற்கு உள்ளே இரண்டு கறுப்புத் திரை, மூலையில் மங்கலான ஒரு பச்சை விளக்கு. பச்சை ஒளியை நாற்றுகள் ஏறக்குறைய கண்டுகொள்வதில்லை. உள்தாழ்ப்பாள் கிடையாது. நாற்றைப் பறித்ததும் உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வைத்திருப்போம். மூடிய அறையில் அதன் ஆவி மிகுந்துவிட்டால் மூச்சுக்குக் காற்று போதாமல், உள்ளே இருப்பவர் சத்தமில்லாமல் சரிந்துவிடுவார். தாழ்ப்பாள் போட்டிருந்தால் காப்பாற்ற முடியாது. போடாவிட்டால் யாராவது தெரியாமல் கதவைத் திறந்து நாற்றுக்கு வெளிச்சம் காட்டிவிடுவார்கள். இரண்டு தொல்லைக்கும் சேர்த்து மேடம் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். உள்ளே இருப்பவர் வாய் ஓயாமல் பேச வேண்டும். குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வெளியே இருப்பவர் கதவைத் தொடக்கூடாது. குரல் நின்றால் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் யோசிக்காமல் திறக்க வேண்டும்.

மேடம் உள்ளே போனால் நிர்வாக அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார். விஷயத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. பர்வீன் பிரியாணி செய்முறை சொல்வாள், மதியச் சாப்பாட்டுக்கு முன் அவள் உள்ளே போவதை நாங்கள் யாரும் விரும்புவதில்லை. எனக்குப் பாட்டு வராது. நான் மதுரை–கோவில்பட்டி பஸ் கண்டக்டர். திருமங்கலம் எறங்கு, கள்ளிக்குடி எறங்கு, விருதுநகர் எறங்கு என்று ஊர் போய்ச் சேர்ந்து, டீ குடித்துத் திரும்பிவிடுவேன்.

இன்று சாத்தூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. சாத்தூர் செல்வியின் அம்மா வீடு. ஏழாம் மாதம் அங்கே கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு இருந்தது.

பிறகு பஸ் கிளம்பியது. வேலை முடிந்தது. வெளியே வந்தபோது பர்வீன், "டீ சாப்பிட வர்றீங்களாண்ணே?" என்று கேட்டாள். கேட்ட குரல் வழக்கம்போல் இல்லை. வரவில்லை என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஐந்தாம் நாள் நாற்றை எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கொத்தவரங்காய் வாங்கினேன். செல்விக்குப் பிடிக்காது என்பது வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் ஆய்ந்து பொரியல் செய்தாள்.

ஜூலை 15, திங்கள்

செல்வி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். முன்பெல்லாம் ஸ்கூட்டரில் போவாள். இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள். ஸ்கூட்டர் கீழே உறை போட்டு நிற்கிறது. உறையை நான் வாங்கவில்லை, அவளே வாங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் அம்மா கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாள். "நாலு மாசத்துல எவளாவது வண்டி ஓட்டுவாளாய்யா? அப்பவே சொன்னேம்லா, அதத் தொடாதன்னு. கேட்டாளா?" ஒலிபெருக்கியில் இல்லை என்றாலும் அம்மாவின் குரலுக்கு அது தேவையில்லை. செல்வி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிடம் நின்று மறுபடி கேட்டது.

சரிம்மா, மாத்திரை போட்டியா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஜூலை 23, செவ்வாய்

தலையில் இடி.

மரபணு விழித்திருக்கிறதா என்பதை நேராகப் பார்க்க முடியாது. அது எழுதி வெளியே அனுப்பும் ஆர்.என்.ஏ. என்ற செய்தியை அளக்க வேண்டும். பச்சையத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரதத்துக்கான மரபணுதான் என் கதாநாயகன். வெளிச்சம் படாத நாற்றில் அது வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் நாள் கொஞ்சம் முணுமுணுத்திருக்கிறது. ஐந்தாம் நாள் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நடுவில் மூன்றாம் நாள், கும்மிருட்டில், கத்தித் தீர்த்திருக்கிறது. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதே கத்தல்.

மேடத்திடம் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு வெளிச்சம் பட்டிருக்கு வேல்மயில்."

"இல்ல மேடம்."

"இந்த மரபணுவுக்கு ஒரு நொடி வெளிச்சம் போதும்பா. கண்ண மூடித் திறக்குற நேரம். பட்டிருக்கு. அன்னைக்குப் பட்டிருந்தா மத்த நாள் படலைன்னு யார் சொல்றது? நாலு வருஷ இருட்டையும் குழு கேள்வி கேக்கும். எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடி. அதுவரைக்கும் செப்டம்பரப் பத்திப் பேசாத."

செடி தானாகவே செய்திருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கே நம்பிக்கையில்லை. ஏதாவது தவறு நடந்தால் யாரோ எங்கேயோ கவனக்குறைவாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைப்பவன்.

ஜூலை 25, வியாழன்

ஒழுகல் வேட்டை. மேடமும் நானும் பச்சை விளக்கையும் அணைத்துவிட்டு, கண் பழகும்வரை இருட்டறையில் உட்கார்ந்திருந்தோம். சட்டப்படி இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஓய்வூதியக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பது வரை எனக்கு இப்போது தெரியும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு புள்ளி வெளிச்சம், கறுப்பு டேப் ஒட்டினேன். குழாய் நுழையும் சுவர் ஓட்டையில் ஒரு நூல் வெளிச்சம், அதற்கும் டேப். என் செருப்பு வாரில் இருட்டில் மினுங்கும் ஒரு பட்டை இருந்தது. மேடம் அதைப் பார்த்த பார்வையில் நான் செருப்போடு கருகியிருக்க வேண்டும். ஆனால் இவை எல்லாமே எல்லா நாளும் இருந்தவை. மூன்றாம் நாள் மட்டும் வந்து போன வெளிச்சம் எது?

ஜூலை 28, ஞாயிறு

செல்வி விடைத்தாள் திருத்தினாள். நான் பேப்பர் படித்தேன். மத்தியானம் மழை வருவதுபோல் இருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வாராந்தரக் கூட்டம். மேடம் எல்லோரையும் உட்கார வைத்து, ஜூலை பன்னிரண்டாம் தேதி யாராவது இருட்டறைக் கதவைத் திறந்தீர்களா என்று நேராகக் கேட்டார். 

பர்வீன் எழுந்தாள். "நான்தான் மேடம் திறந்தேன். தெரியாம திறந்துட்டேன்."

"உள்ள ஆள் பேசுறது கேக்கலையா?"

"கவனிக்கல மேடம்."

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இனிமேல் பர்வீன் இருட்டறைப் பக்கம் போகக்கூடாது என்றார். பர்வீனின் ஆய்வுக்கும் இருட்டுதான் முதல் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் குனிந்து தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பத்து நாளாக நான் சுவர் சுவராகத் தடவித் திரிகிறேன், இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்து வந்தது நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போது என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

டீக்கடைக்குப் பர்வீனைக் கூப்பிட்டேன். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"அண்ணே, நான் கவனிக்காமத் திறக்கல. நீங்க சாத்தூர்னு சொன்னீங்க. அப்புறம் சத்தமே இல்ல. கூப்பிட்டேன். ரெண்டு மூணு தடவ கூப்பிட்டேன். நைட்ரஜன்தான் ஏறிருச்சோன்னு பதறிப்போய்த் திறந்தேன்."

"அப்புறம்?"

அவள் டீயை ஊதினாள். "நீங்க கீழ உக்காந்திருந்தீங்க. முட்டில தலைய வச்சிக்கிட்டு. மூச்சு இருக்குன்னு தெரிஞ்சதும் சாத்திட்டேன்."

நான் கதவு திறந்ததைப் பார்க்கவில்லை. அது சத்தியம். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்றும் தெரியாது.

"மேடத்துக்கிட்ட ஏன் இதைச் சொல்லல?"

"எப்பிடிண்ணே சொல்றது? எல்லாரும் உக்காந்திருக்காங்க. நீங்க அழுதீங்கன்னா சொல்றது?"

அழுதேன் என்ற சொல்லை இந்த டைரியில் நான் எழுதவில்லை, பஸ் நின்றது என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது பர்வீன் சொன்னதாக எழுதிவிட்டேன். டீக்குக் காசு கொடுக்கப் போனபோது அவள், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். இருக்கா என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேடத்தின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். பர்வீன்மேல் தப்பில்லை, சட்டப்படிதான் திறந்தாள், நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன்.

"ஏன் பேசல? மயக்கமா?"

"இல்ல மேடம். காய்ச்சல்னு லீவு எழுதினேன்ல, அது காய்ச்சல் இல்ல. செல்விக்குக் கலைஞ்சிருச்சு. நாலாம் மாசம். அன்னைக்கு உள்ள இருந்தப்ப... அழுதுட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா உன்ன இருட்டுல தனியா விட்டிருப்பேனா?" என்றார். நாற்று, வெளிச்சம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. பர்வீனைக் கூப்பிட்டார். "நீ செஞ்சது சரி. நான் சொன்னது தப்பு" என்று என் எதிரிலேயே சொன்னார். அந்த வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்பது இதுவே முதல் தடவை, நிர்வாக அலுவலகம் கேட்டிருந்தால் விழா எடுத்திருக்கும்.

பிறகுதான் வேலைக்கு வந்தார். கதவு திறந்தது உறுதியானதால் மூன்றாம் நாள் அளவு செல்லாது. மறுபடி செய்ய வேண்டும். இந்தத் தடவை விதையை எழுப்பக்கூட வெளிச்சம் கூடாது, அந்த முதல் வெளிச்சமே மூன்று நாள் கழித்து வேலை காட்டலாம் என்றார். அதற்குப் பதில் ஜிபரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தட்டில் கலந்து, ஆரம்பம் முதல் இருட்டிலேயே முளைக்க வைக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை, இனிமேல் இருட்டறைக்குள் எப்போதும் இரண்டு பேர்.

"மறுபடியும் ஏறலேன்னா, தப்பு அந்தக் கதவு. நாலு வருஷமும் பொழைச்சுக்கும், ஆனா மூணாம் நாள அழிச்சிரணும். ஏறுச்சுன்னா..." என்று நிறுத்தினார்.

"ஏறுச்சுன்னா?"

"நான் வகுப்புல முப்பது வருஷமா சொல்லிக்குடுக்கறத மாத்திக்கணும்."

ஆகஸ்ட் 8, வியாழன்

பச்சை விளக்கில் விதை தூவினோம். பர்வீன் இந்தத் தடவை கேசரி செய்முறை. சர்க்கரை எப்போது போட வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தட்டுகள் குளிர்பெட்டியிலிருந்து இருட்டறை அலமாரிக்கு மாறின. மூன்றாம் நாள் சுதந்திர தினத்தில் வருகிறது. அன்று ஆய்வகத்துக்கு யார் வருவார்கள்? பர்வீன் தங்கை நிக்காஹுக்கு ஊருக்குப் போகிறாள். மேடம் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போகிறார். நாற்றுக்கு விடுமுறை நாள் தெரியாது. சாப்பிடும்போது இதைப் புலம்பினேன்.

"நான் வரட்டா?" என்றாள் செல்வி.

அவள் தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாளாயிற்று. மேடத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினேன். "கூட்டிட்டு வா. மூடி திறந்த நைட்ரஜன் பக்கத்துல மட்டும் நிக்க விடாத" என்றார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

செல்வி பள்ளியில் கொடியேற்றம் முடிந்து நேராக வந்தாள். சட்டைப்பையில் குத்தும் காகிதக் கொடி புடவையில் இருந்தது, அதன் குண்டூசி பளபளக்கும் என்று கழற்றச் சொன்னேன். கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். பேச்சு நின்றால், கூப்பிட்டும் பதில் இல்லை என்றால், கதவைத் திற.

"திறந்தா?"

"எல்லாம் போச்சு. மறுபடி மொதல்லேருந்து."

உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டோம். பச்சை விளக்கில் அவள் முகம் தெரிந்தது, முகபாவம் தெரியவில்லை. நான் அலுமினியத் தாளைப் பிரித்து, இடுக்கியால் நாற்றுகளை அள்ளிச் சிறு குழாயில் போட்டு நைட்ரஜனில் அமிழ்த்த வேண்டும். அவள் அடுத்த குழாயை நீட்ட வேண்டும்.

"இதான் உங்க கடுகா? இவ்ளோ சின்னதா இருக்கு."

"இதுக்கு இது பெருசு. இருட்டுல நீளமா வளரும், மேல எங்கயாவது வெளிச்சம் இருக்கும்னு தேடிக்கிட்டு."

கொடியேற்றத்தில் தலைமை ஆசிரியர் கயிற்றை இழுத்துக் கொடி அவிழாமல், பி.டி. மாஸ்டர் கம்பத்தில் ஏறிய கதையைச் சொன்னாள். இருவரும் சிரித்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டு டீச்சர் நீங்கதான் தாளைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்றானாம். அதற்கும் சிரித்தோம். பிறகு பேச்சு தீர்ந்துகொண்டே வந்தது. ஒன்றரை மாதமாக ஒரு வீட்டுக்குள் நாங்கள் பேசியதைவிட அந்த அறைக்குள் அதிகமாகப் பேசிவிட்டோம்.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்களும் அந்த ஸ்கூட்டராலதான்னு நெனைக்கிறீங்களா?"

இடுக்கியில் நாற்று தொங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் சொல்லாததால் அடுத்த நொடி அதைச் சொல்ல முடியவில்லை.

"ஏங்க."

நான் நாற்றைக் குழாயில் போட்டேன்.

"பேசுங்க. பேசலேன்னா திறக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. திறந்துருவேன்." திரைத் துணி அசையும் சத்தம் கேட்டது. உண்மையிலேயே கையை வைத்துவிட்டாள்.

"நெனச்சேன்," என்றேன்.

திரை அசையவில்லை. "சொல்லுங்க."

"டாக்டர் சொன்னப்ப நானும் உன்கூடத்தான இருந்தேன். இது வளர்ச்சியிலயே வந்தது, வண்டி ஓட்டுனதாலயோ வேலை பாத்ததாலயோ இல்ல, யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு சொன்னாங்க. தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டு வெளிய வந்தும் ஸ்கூட்டரத்தான் நெனச்சேன். அம்மா சொல்றப்ப வாய மூடிக்கிட்டு இருந்ததும் அதனாலதான். ஏதாவது ஒண்ணு மேல பழியப் போடலேன்னா எனக்குத் தாங்கல செல்வி."

அவள் திரையை விட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு வேகத்தடை இருக்கு," என்றாள். "அன்னைக்கு அதுல கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு. தெனமும் பஸ்ல அதத் தாண்டுறப்ப கண்ண மூடிக்கிறேன். நீங்க என்னை ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்தா நெனைக்கலேன்னு ஆயிருமா? உங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நீங்களாவது வாயத் திறந்து திட்டியிருந்தா நான் டாக்டர் சொன்னதச் சொல்லி சண்ட போட்டிருப்பேன். எனக்கு அதச் சொல்றதுக்கு ஆளே இல்லாமப் போச்சு."

குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை, சட்டத்தைக் காப்பாற்றினாள். பிள்ளைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தாளாம். இரண்டு பெயர், எதுவாக இருந்தாலும் பொருந்துவதற்கு. எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை, அது எங்கள் இருவரிடம் இருக்கட்டும். நான் பெண் என்றே நினைத்திருந்ததைச் சொன்னேன். நான் அன்று இந்த அறையில்தான் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சொன்னேன்.

"வீட்ல அழுதிருக்கலாம்ல," என்றாள்.

"நீ அழலையே."

"நீங்க அழலேன்னுதான்."

திருமங்கலம் எறங்கு என்றேன். அவள் சிரித்துவிட்டாள், அழுகையோடு சேர்ந்த சிரிப்பு. பிறகு குழாயை நீட்டி, "இன்னும் எத்தன தட்டு பாக்கி?" என்று கேட்டாள்.

கதவு திறக்கவில்லை. அதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஐந்தாம் நாள் நாற்று. பர்வீன் காலையிலேயே ஊரிலிருந்து திரும்பிவிட்டாள், கையில் நிக்காஹ் பிரியாணி ஒரு தூக்குவாளி. இருட்டறைக்குள் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று நிபந்தனை போட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஏறியிருக்கிறது.

வெளிச்சத்தின் வாடையே படாத நாற்று. கதவு திறக்கவில்லை, புள்ளி வெளிச்சம் இல்லை, விதையைக்கூட வெளிச்சத்தில் எழுப்பவில்லை. மூன்றாம் நாள் அந்த மரபணு அதே மாதிரி கத்தியிருக்கிறது. ஐந்தாம் நாள் அதே மாதிரி அடங்கியிருக்கிறது. மேடம் எண்களைத் தானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒளி ஒரு கை, வயசு இன்னொரு கை. ரெண்டு கையும் அந்த மரபணுவ எழுப்புது. நாம ஒரு கையத்தான் பாத்திருக்கோம்," என்றார். பிறகு, "கதவு மேல போட்டோம், பர்வீன் மேல போட்டோம், உன் செருப்பு மேல போட்டோம். ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. அது வளர்ற விதமே அப்படி," என்றார். சுருக்கத்தில் மூன்றாம் நாளையும் சேர்த்து எழுதச் சொன்னார். செப்டம்பர் இருபதாம் தேதி குழு.

சாயங்காலம் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செல்வி கணக்கு டீச்சர், கோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"இது எதுக்கு வெளிச்சமே இல்லாம இவ்ளோ தூரம் ஏறுது?"

"விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே உலை வைக்கிறதில்லையா? அந்த வயசுல மண்ணுக்கு மேல வந்துரணும், வந்ததும் வெளிச்சம் இருக்கணும். அதுக்குத் தயார் பண்ணிக்குது."

"வெளிச்சம் வரலேன்னா?"

"இறங்கிருது. அதுக்கு மேல ஏன்னு எனக்கும் சரியாத் தெரியாது."

அவள் அந்த இறங்குகோட்டின் மேல் விரலை வைத்திருந்தாள். "யாரும் கதவத் திறக்கலல்ல?"

"இல்ல."

"யாரும் ஒண்ணும் செய்யல."

"இல்ல செல்வி. யாரும் ஒண்ணும் செய்யல."

தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனாள். நான் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அடுக்களைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். ஸ்கூட்டரால இல்லம்மா."

"என்னய்யா திடீர்னு?"

"டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. நான்தான் ஒனக்குச் சொல்லல. அவ வண்டி ஓட்டுனதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"பின்ன எதனாலய்யா?"

"எதனாலயும் இல்லம்மா. அது அப்படித்தான் வளந்திருக்கு. யார் மேலயும் தப்பில்ல."

அம்மா "நான் அந்தப் புள்ளய என்னல்லாம்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். "அவகிட்ட குடு."

கொடுத்தேன். செல்வி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, "சொல்லுங்கத்த" என்றாள். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். இல்லத்த, பரவாயில்லத்த, நீங்க அழாதீங்கத்த என்று சொன்னவள், சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பார்க்க, நானும் அழுதேன்.